இன்று இரவோடு அழியும் பாட்டுக் கணக்கு

கீழே ஆஸ்பத்திரி வேன் விடாமல் ஹாரன் அடித்தது. நைட் டியூட்டிக்குக் கிளம்பிய நர்ஸ், ஒரு காலில் மட்டும் செருப்போடு, ஃப்ரிட்ஜ் கதவில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். தன்னைக் கேட்காமல் இறந்துபோன அப்பாவின் போனில் கை வைத்ததிலிருந்து முகம் கொடுத்தே பேசாத புருஷனுக்கு வேறு எப்படிச் சொல்வது?

“என்னங்க, சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு அவசரம். மாமாவோட போன் அலமாரியில இருக்கு, சாவி என் தலையணைக்கு அடியில. செத்தவருக்கு ‘உங்களுக்காகப் புதுப் பாட்டு’ன்னு மெசேஜ் வர்றப்பல்லாம் நீங்க கலங்கினதாலதான் பாட்டு ஆப்ல இருக்கிற அவர் கணக்கை அழிக்கச் சொல்லி கம்பெனிக்கு எழுதினேன். மெசேஜ் மட்டும் நிக்கும்னு நினைச்ச மக்கு நான். அவர் கேட்ட பாட்டு, தேடினது எல்லாமே இன்னைக்கு ராத்திரியோட போயிடுமாம். அந்தப் போன்ல ‘அழிக்க வேண்டாம்’னு ஒரு பட்டன் இருக்கு. இந்தத் தடவை உங்களைக் கேக்காம கை வைக்க மாட்டேன்.”

மறுபடி ஹாரன். வாசல்வரை போனவள் ஓடிவந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

“அவர் எந்தப் பாட்டை எப்பக் கேட்டார்னு ஒரு பட்டியல் அனுப்பச் சொல்லிக் கம்பெனிகிட்ட கேட்டிருந்தேன், இப்பத்தான் வந்தது. நான் டே டியூட்டிக்குப் போன நாள்ல பகல் பூரா பாட்டு. நைட் டியூட்டி முடிஞ்சு வந்து தூங்கின நாள்ல, நான் எழுந்திருக்கிற வரைக்கும் ஒரு பாட்டுகூட இல்லைங்க. மாமாவுக்குப் பகல்ல பாட்டுக் கேக்கப் பிடிக்காதுன்னே இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன். அந்தப் பட்டனை அமுக்கிடுங்க.”