கடல் குளித்த வண்டி

2008 ஜூலை 14, திங்கள்

பேட்டரி வண்டி வாங்கி மூன்று மாதம் ஆகிறது. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், சத்தம் கிடையாது. வேடசந்தூர் சாலையில் எதிர்காற்று அடித்தால் சைக்கிளே முந்திப் போகிறது. இன்று மில் பஸ் கடக்கும்போது ஜன்னலோரப் பெண் ஒருத்தி கத்தினாள்: "டீச்சரம்மா, எறங்கித் தள்ளுங்க, வேகமாப் போகலாம்!" பஸ் முழுக்கச் சிரிப்பு. நான் டீச்சர் இல்லை. மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் சோதிக்கிற ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். காந்திகிராமத்தில் படித்துவிட்டு இத்தனை வருடமாக உப்பை அளந்துகொண்டிருக்கிறேன்.

சிரிக்கட்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ரொனால்டின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவர் எப்போது கிளம்புகிறாரோ அப்போதுதான் எனக்குக் காலை. இப்போது நான் கிளம்புகிற நேரத்தில் நான் கிளம்புகிறேன். அதற்கு மெதுவாகப் போனால் என்ன?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பூசை முடிந்து வேளாங்கண்ணி நடைபயணக் குழு எங்கள் வீட்டில் கூடியது. காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போகப் பார்த்தேன். குழுத் தலைவர் அந்தோணிமுத்து விடவில்லை.

"தங்கச்சி, உன் வண்டி சத்தமில்லாத வண்டி. சப்பரத்துக்கு முன்னாடி மைக் செட்ட வச்சுக்கிட்டுப் போனா, செபமாலை கடைசி ஆளு வரைக்கும் கேக்கும். போன வருசம் ஆட்டோப் புகைல பாதிப் பேருக்கு இருமல்."

"ஒரு சார்ஜுக்கு அது திருச்சிகூடப் போய்ச் சேராதுண்ணே."

"நாம என்ன ரேசா போறோம்? ராத்திரி தங்குற கோயில்ல சார்ஜ் போட்டுக்கிட்டாப் போச்சு."

"கரண்ட் இருந்தா."

எல்லாரும் சிரித்தார்கள். ரொனால்டின் அக்கா, ஆரோக்கியம்மாள் மதினி மட்டும் சிரிக்கவில்லை. "மாதாவுக்குக் குடுக்கும்போது கணக்குப் பாக்காத, கிளாரா" என்றார்.

தர முடியாது என்று சொல்லிவிட்டேன். நன்றாக, எல்லார் முன்னாலும்.

அவர்கள் போனபின் ரொனால்டு மெல்ல ஆரம்பித்தார். ஏற்கெனவே நேர்ந்துவிட்டாராம். எதற்கு? "நீ அந்த வண்டில விழுந்து கெடக்காம இருக்கணும்னு." வண்டியை மாதாவின் காலடிக்குக் கொண்டுவருவதாக வேண்டுதல். என் வண்டியிடமிருந்து என்னைக் காப்பாற்ற என் வண்டியையே நேர்ந்திருக்கிறார். "உங்க மோட்டார் சைக்கிள நேர்ந்துக்கிறதுதானே?" என்றேன். "அது ஆபீஸ் போக வேணும்ல" என்றார், முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லாமல்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எடுத்துக்கொண்டு போய்விட்டார். விடிந்து வாசலுக்கு வந்தால் சார்ஜரைச் செருகும் எக்ஸ்டென்ஷன் ஒயர் மட்டும் தொங்குகிறது.

செப்டம்பர் 1, திங்கள்

பஸ். நின்றுகொண்டே. என் தோளில் யாருடைய தூக்குவாளியோ சாய்ந்து குழம்பு வழிந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

போன். காற்று இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

"கிளாரா, வந்து சேந்துட்டோம். வண்டிதான்... கெளம்ப மாட்டேங்குது. மழைல நனைஞ்சுருச்சு போல."

"அங்கேயே மெக்கானிக் இருப்பாங்க."

"இந்த வண்டியத் தொட மாட்டேங்கிறாங்க. நீ வந்தாத் தேவல."

கேட்காமல் எடுத்துக்கொண்டு போனவருக்கு, கெட்டுப்போனதும் நான் வேண்டியிருக்கிறது. போகிறேன். அவருக்காக அல்ல.

செப்டம்பர் 6, சனி, வேளாங்கண்ணி

மொட்டைத் தலைகள், நனைந்த காவித் துணி, மீன் வறுக்கிற எண்ணெய். தங்கும் விடுதியின் பின்முற்றத்தில் வண்டி நின்றது. கைப்பிடியில் வாடிய சாமந்தி மாலை. உடம்பெல்லாம் பளபளவென்று இருந்தது. தொட்டால் விரல் வழுக்கியது. தேங்காய் எண்ணெய்.

"அந்தோணிதான் தொடைச்சான். பாக்க நல்லாருக்கட்டும்னு" என்றார் ரொனால்டு.

சீட்டைத் தூக்கினேன். பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. சுவிட்சுக்குப் போகும் ஒயர் முனைகளிலும் அப்படியே.

"கடலுக்குக் கொண்டுபோனீங்களா?"

"சேச்சே. மணல் பக்கமே போகல. மழதான்."

வாதாட நேரமில்லை. பழைய பல் துலக்கும் பிரஷும் விடுதியில் வாங்கிய வெந்நீருமாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு முனையையும் கழற்றித் தேய்த்து, துணியால் ஒற்றி, வாஸ்லின் தடவினேன். இந்த ஊர்க் காற்றில் சும்மா நின்றாலே மூக்குக் கண்ணாடியில் உப்புப் படிகிறது. துடைத்த இடம் மறுபடி பிசுபிசுக்கிறது. நடுவில் இடிமழை. இவர் குடை பிடித்தார், குடை மேல்நோக்கிப் புரண்டது. சீட்டுக்கு அடியில் பெட்டி மாதிரி ஒரு குழி. அதன் மூலையில் தண்ணீர் தேங்கியிருந்தது. என்ன தோன்றியதோ, கொண்டுவந்த குடிதண்ணீர் பாட்டிலைக் காலி செய்து அதில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கிளம்பியது. சோதிக்கலாம் என்று கடற்கரைச் சாலையில் ஓட்டினேன். கடல் காவி நிறத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் அறைகிற காற்றுக்கு இந்த எடையில்லாத வண்டி ஒரு பொருட்டே இல்லை. நேராகப் போக வேண்டுமென்றால் சாய்ந்துதான் போக வேண்டும். காற்று சட்டென்று நின்றால் சாய்ந்த பக்கமே விழ வேண்டியதுதான். பிரேக்கில் மணல் நறநறத்தது. திரும்பும் இடத்தில் ஆக்சிலேட்டரை விட்டேன். விட்ட பிறகும் வண்டி ஒரு கணம் தானாக இழுத்துக்கொண்டு போனது. பிரேக்கை அழுத்தி நிறுத்தினேன்.

இது மழை செய்கிற வேலை இல்லை.

செப்டம்பர் 10, புதன்

நேற்று வேனில் ஏற்றி ஊர் வந்து சேர்ந்தோம். இன்று பாட்டில் தண்ணீரை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். பெயரெழுதாமல் மற்ற மாதிரிகளோடு வைத்தேன். மழைத் தண்ணீரென்றால் உப்பளக்கும் மீட்டர் அசையாது. என்னோடு வேலை செய்யும் தமிழ்மதி அளந்துவிட்டு எழுந்தே வந்துவிட்டாள்.

"மேடம், இது எந்த ஊருக் கெணறு? குஜிலியம்பாறைல மோசமான கெணத்துலகூட இம்புட்டு உப்பு வந்ததில்ல. மூடிரச் சொல்லுங்க."

சரி என்றேன்.

செப்டம்பர் 11, வியாழன்

மீட்டர் காட்டிய உப்பைச் சொல்லி இரவுச் சாப்பாட்டில் கேட்டேன். "அந்தப் பக்கம் மழத் தண்ணியே உப்பாத்தான் இருக்கும்" என்றார். பி.காம். படித்தவர்.

அந்தச் சமயம் பார்த்து அந்தோணிமுத்து மைக் செட் ஒயரை வாங்க வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்:

"தங்கச்சி, உன் வண்டி குடுத்து வச்ச வண்டி! நாமெல்லாம் கடல் குளிச்சிட்டுத்தான கோயிலுக்குள்ள போறோம், அதுவும் நடந்து வந்த வண்டிதானன்னு ரொனால்டு சொன்னாப்ல. பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு மூணு முக்கு! மூணாவது முக்குல அலை ஒன்னு அடிச்சுச்சு பாரு, வண்டி குப்புற உருண்டுருச்சு. நாலு பேரு சேந்து இழுத்தோம். ஒரு கீறல் இருக்கா? மாதா கிருபை!"

ரொனால்டு ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மின்சாரத்தில் ஓடுகிற ஒன்றைக் கடலில் முக்கியது மடத்தனம். மடத்தனத்தை மன்னிக்கலாம், ஊரே செய்கிறது. ஆனால் அந்த எண்ணெய்! உப்பு தெரியக் கூடாதென்று உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள். மணல் பக்கமே போகலை என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் குடை வேறு பிடித்தாரே.

அக்டோபர் 4, சனி

வாரம் இரண்டு தடவை திறந்து துடைக்கிறேன். ஆய்வகத்துக் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, காயவைத்து, வாஸ்லின். அடுத்த வாரம் மறுபடி பச்சை பூத்திருக்கிறது. உள்ளே போன உப்பு உள்ளேதான் இருக்கிறது.

இன்று திறந்து வைத்துவிட்டுத் துணி எடுக்க உள்ளே போயிருந்தேன். வெளியே வந்தால் ஆரோக்கியம்மாள் மதினி வண்டி முன்னால் குனிந்து நிற்கிறார். ஒயர் முனையிலிருந்த பச்சை மாவை விரலில் ஒற்றி நெற்றியில் சிலுவை போட்டாயிற்று. அடுத்து நாக்குக்குக் கொண்டுபோனார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"மதினி! வெசம் அது!"

"மாதா கடல் உப்புடீ!"

"செம்புக் களிம்பு. பேட்டரி அமிலமும் இருக்கும். வாந்தி எடுப்பீங்க."

"படிச்ச திமிரு" என்று கையை உதறினார். "எங்க தம்பி பாவம்."

குழாயடிக்கு இழுத்துப்போய் விரலைக் கழுவிவிட்டேன். நெற்றியைத் தொட விடவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

பஸ் ஸ்டாண்ட் பக்கம் கூட்டத்தில் வண்டி தானாக இழுத்தது. முன்னால் பூக்கூடைக்காரி. ஓரமாகத் திருப்பிச் சுவரில் இடித்து நிறுத்தினேன். "ஏத்தா, கண்ணு தெரியலையா!" என்றாள். நியாயம்தான். இனி கூட்டத்தில் சாவியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போவதென்று முடிவு.

கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியவில்லை. இரவில் பாதி சார்ஜ் ஏறுவதற்குள் போய்விடுகிறது.

நவம்பர் 27, வியாழன்

புயல் மழை. கடற்கரையில் அடிக்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். இங்கேயும் வானம் கிழிந்துகொண்டு ஊற்றுகிறது. ஆய்வகத்திலிருந்து திரும்பும் வழியில் பின்சக்கரத்துக்குள் ஒரு முனகல். அப்புறம் எதுவும் இல்லை. மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிற வண்டி. அதுவே பழுதானால் தள்ளுவதற்கும் இசையாது. முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தேன்.

பாதி வழியில் ரொனால்டு மோட்டார் சைக்கிளில் எதிரே வந்தார். "விட்டுட்டு ஏறு. காலைல பாத்துக்கலாம்."

தள்ளிக்கொண்டே வந்தேன். அவர் முதல் கியரில் பின்னாலேயே வந்தார். முகப்பு விளக்கு மட்டும் எனக்கு உபயோகமாக இருந்தது.

நவம்பர் 29, சனி

போர்வெல் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற பட்டறையில் சக்கரத்தைப் பிரித்தார்கள். துருத் தண்ணீர் கொட்டியது. "கம்பி பூராம் பச்ச புடிச்சு அத்துப் போச்சும்மா. காந்தமெல்லாம் உரிஞ்சு வருது. கெணத்துலயா போட்டீங்க?"

முடிந்தது.

நவம்பர் 30, ஞாயிறு

பூசைக்குப் பின் கோயில் முற்றத்தில் மதினியைச் சுற்றி ஐந்தாறு பெண்கள். நான் வருவதைப் பார்த்தும் குரலைக் குறைக்கவில்லை.

"நல்லா ஓடுன வண்டி. மாதா தண்ணிய எடுத்துப்போயி மீட்டர் வச்சுச் சோதிச்சா. தேவதாயவே சோதிச்சா வண்டி நிக்குமா நிக்காதா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ரொனால்டைப் பார்த்தேன். பக்கத்தில்தான் நின்றார், காதில் விழாத தூரமில்லை. ஒரு வார்த்தை போதும்: கடலில் போட்டது நான்தான், அவள் வேண்டாமென்றுதான் சொன்னாள். அவர் சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

இந்த மனிதரோடா இருபத்திரண்டு வருடம்? ச்சீ.

டிசம்பர் 6, சனி

செத்த வண்டி வாசலோரம் நிற்கிறது. சனிக்கிழமை மாதாவுக்கு உகந்த நாளாம். காலையில் பார்த்தால் கைப்பிடியில் மல்லிகைச் சரம், சீட்டின் மேல் உருகிய மெழுகுவர்த்தி. தெருவில் போகிற ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நெற்றியில் சிலுவை போடுகிறார். ரெக்சின் சீட்டில் மெழுகு ஒட்டிக்கிடக்கிறது. சுரண்டினேன், வரவில்லை.

இன்னும் ஒரு மாதம் விட்டால் உண்டியல் வைப்பார்கள்.

டிசம்பர் 13, சனி

பழைய இரும்பு வாங்கும் பீர் முகமதுவை வரச்சொல்லியிருந்தேன். தள்ளுவண்டியோடு வந்தார். பூவைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "சாமி வண்டியாம்மா? எனக்கு எதுக்கு வம்பு."

"சாமி வண்டியில்ல பாய். என் வண்டி."

மதினி ஓடி வந்து சீட்டைப் பிடித்துக்கொண்டார். "ஏலே ரொனால்டு! அன்னையோட வண்டிய இரும்புக்குப் போடுறா, பாத்துக்கிட்டு நிக்கிற? இவ நம்பாததுக்கு வண்டி படுத்துச்சு. இன்னும் என்னென்ன வருமோ!"

எதிர்வீடு, பக்கத்துவீடு, எல்லாரும் வாசலில்.

"அக்கா, விடுக்கா" என்றார் ரொனால்டு.

"நீ சொல்றா, யாரால நின்னுச்சு?"

"என்னாலதான்" என்றார். "கேக்காம எடுத்துட்டுப் போனேன். கடல்ல முக்குனதும் நான்தான். எண்ணெயும் நான்தான் தேச்சேன், அந்தோணி இல்ல. இவ முடியாதுன்னுதான் சொன்னா."

மதினி கையை எடுத்தார். தெருவில் யாரோ இருமினார்கள்.

இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். வந்தபோது ஒன்றும் ஆகவில்லை. ஒரு தெருவுக்குச் சொல்ல இத்தனை நாளா? பீர் முகமது கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஒரு முனை நழுவியது. நான் பிடித்துக் கொடுத்தேன்.

டிசம்பர் 22, திங்கள்

எல்.எல்.ஆர். வாங்கிவிட்டேன். பெட்ரோல் வண்டி பழையது ஒன்று பார்த்தாயிற்று. தமிழ்மதியின் சித்தப்பாவுடையது.

2009 ஜனவரி 18, ஞாயிறு

மைதானத்தில் எட்டு போட்டுப் பழகுகிறேன். இரண்டாவது வளைவில் கால் ஊன்றிவிடுகிறேன். அந்தோணிமுத்து வந்து, புது வண்டியைப் பங்குச் சாமியாரிடம் மந்திரிக்க எப்போது கொண்டுவருகிறீர்கள் என்று ரொனால்டிடம் கேட்டாராம். "என்கிட்டக் கேக்காதீங்க" என்று சொன்னாராம். இதை ரொனால்டே என்னிடம் சொன்னார். எதற்குச் சொன்னார்? பாராட்டவா?

பிப்ரவரி 11, புதன்

ஆர்.டி.ஓ. சோதனை. கால் ஊன்றாமல் எட்டு போட்டேன். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "அடுத்து" என்றார்.

வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் ரொனால்டு. நான் சொல்லவில்லை, தமிழ்மதி சொல்லியிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளைக் காணோம்.

"எதுல வந்தீங்க?"

"பஸ்ல."

"எப்படிப் போவீங்க?"

வண்டியின் பின்சீட்டைப் பார்த்தார். பிறகு, "எடமிருந்தா ஏத்திக்கிறியா?" என்றார்.

இப்படி அவர் எதையும் என்னிடம் கேட்டதாக நினைவில்லை. வண்டியைக் கிளப்பினேன். முன்பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் பின்னால் ஏறிக் காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு தடுமாறினார்.

"காலு எங்க வைக்கிறது?"

"கீழ கம்பி இருக்கு. கால்ல தள்ளி விரிங்க."

விரித்தார். போகலாமா என்று கேட்டேன். ம் என்றார்.