ஜன்னலோர மூன்று ஆணிகள்

என்னங்க,

சமையலறை ஜன்னலோரம் இருக்கும் மூன்று டம்ளர்களையும் இன்றாவது கழுவிவிடாதீர்கள். அது எச்சில் தண்ணீர் இல்லை, உப்புத் தண்ணீர். நேற்று நீங்கள் கழுவிக் கவிழ்த்துவிட்டதால் ராத்திரியே மறுபடி முதலிலிருந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு ஆணி கிடக்கிறது. முதல் ஆணி தனியாக. இரண்டாவதில் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறேன். மூன்றாவதில் பழைய பேட்டரியை வெட்டி எடுத்த துத்தநாகத் தகடு.

பதினோரு மணிக்குக் குழாய்க்காரர் வருவார். மாடித் தொட்டியின் இரும்புக் குழாயோடு புதுச் செம்புக் குழாயை நேராக மாட்டிவிடலாம் என்கிறார். நீங்களும், "ரெண்டும் உலோகம்தானே, மாட்டினா மாட்டிக்கும்" என்று அவருக்கு ஒத்து ஊதினீர்கள். தினமும் கட்டடத்தில் கம்பி கட்டுகிறவள் நான், சொன்னால் கேட்கவில்லை. சரி, ஆணி சொல்லட்டும். முதல் ஆணியில் லேசான துருதான்; இரண்டாவது டம்ளரில் காலையிலேயே ஆணி நன்றாகத் துருப்பிடித்துத் தண்ணீர் கலங்கிவிட்டது. அவருக்கு டீ கொடுத்துவிட்டு அதைக் காட்டுங்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு போடாமல் மாட்டக் கூடாது.

மூன்றாவது ஆணிதான் ஆச்சரியம். இன்னும் பளபளவென்று இருக்கிறது, தகடுதான் வெளுத்துப்போயிருக்கிறது. ஏன் அப்படி? சாயங்காலம் வந்ததும் சேர்ந்து பார்ப்போம்.

மாடிச் சாவி ஃபிரிட்ஜ் மேல்.

பி.கு.: இன்னொரு தடவை டம்ளரைக் கழுவினால், ஒரு வாரம் எல்லாப் பாத்திரமும் நீங்கள்தான்.

இன்னும் ஒன்று: எழுதிய பிறகுதான் உறைத்தது, தினமும் நீங்கள்தானே கழுவுகிறீர்கள். நேற்று கத்தியது என் தப்பு. குழாய் விஷயத்தில் இல்லை.