சம்பத்து ஏகமனதாக ஜெயித்த கதை

9.3.1997, ஞாயிறு

சத்தியமாகச் சொல்கிறேன், இன்று நடந்ததை இந்த டைரிகூட நம்பாது. எங்கள் வார்டு செயலாளர் பதவிக்குக் கட்சித் தேர்தல். இருபது வருஷமாகப் போஸ்டர் ஒட்டிய நான் போட்டியிட்டேன். தேர்தலை நடத்த மாவட்டத்திலிருந்து ஒரு பொறுப்பாளர் வந்தார். ஜெயிக்கப்போகிறவர் பெயரும் அவர் கூடவே வந்தது: போன மாதம் கட்சியில் சேர்ந்த பட்டுக்கடை சம்பத்து.

"மாவட்டச் செயலாளர் சொல்லிட்டாருங்க. சம்பத்து, ஏகமனதா. கை தூக்குங்க" என்றார்.

தூக்கினார்கள் பாருங்கள், ஆயிரம் கை! அந்தக் காற்றில், கூட்டம் நடந்த நூல்கடை மாடிக் கூரை பிய்த்துக்கொண்டு செய்யாறு பக்கம் பறந்தது.

பக்கத்தில் இருந்த தறிக்கார முனுசாமியைப் பிடித்து உலுக்கினேன். "எனக்குத்தான் ஓட்டுன்னு காலைல சொன்னியேடா!"

"பேஜார் பண்ணாத மாமா. மேலிடம் சொன்னா கை தானா ஏறுது. நீ மட்டும் என்ன பண்ணிகினு கீற? அண்ணாந்து பாரு."

பார்த்தேன்.

கூரை பறந்தது பொய். ஆயிரம் கை என்ற கணக்கும் பொய். முனுசாமி காட்டிய அந்த ஒரு கை மட்டும் நிஜம். என்னுடையதுதான். பொறுப்பாளர் இறக்கச் சொல்லும்வரை சனியன் இறங்கவும் இல்லை.