உன் கையைக் கட்டிய முடிச்சு

இன்று காலையிலிருந்து முதியோர் இல்லம் முழுக்கப் பெயிண்ட் வாசனை. கட்டில்களையெல்லாம் பின்பக்கம் வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போட்டுப் பச்சை அடிக்கிறார்கள். பெயிண்டர் ஒரு கட்டிலைத் தட்டிக் காட்டி, "இன்னா சார் இது, இந்தக் கம்பியில மட்டும் இரும்பு தெரியற அளவுக்கு உரிஞ்சிருக்கு? மாட்டைக் கட்டி வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டான். அது உன் கட்டில். வந்த கோபத்துக்கு அவன் டப்பாவை எட்டி உதைத்திருப்பேன். "வேலையப் பாருப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதப் படிக்கத் தெரியாத உனக்குப் போய் மடல்! நீ இருந்திருந்தால் இதற்கே ஒன்று வைத்திருப்பாய்.

மூத்தவளை நீ என்று எழுதுகிறானே என்று யாரும் நினைக்க வேண்டாம். நீ சொன்னதுதான் அது. முதல் நாள் "அம்மா, நீங்க கொஞ்சம் திரும்பிப் படுங்க" என்றேன். "நீங்க நாங்கன்னு இழுத்தே, வாயிலயே போட்டுருவேன். மரியாதை குடுத்துப் பேசுனவன் எவனும் எங்கிட்ட மீன் வாங்குனதில்ல" என்றாய். சொன்ன கையோடு எவர்சில்வர் டம்ளரையும் எறிந்தாய். புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. ஆயம்மா வேலை பார்க்கும் வசந்தா அக்கா பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே என்னைத் தையல் போடக் கூட்டிப்போனார். "ஊசி போட வந்தவனுக்கே ஊசியாடா?" என்று நீ சிரித்த சிரிப்பு வராந்தா வரை கேட்டது. அன்றிலிருந்து உனக்கு நான் நர்ஸ் ஜான் இல்லை, ஊசி.

முதல் பக்கவாதத்தில் உன் இடது பக்கம்தான் போயிருந்தது. வலது கை அப்படியே இருந்தது. கடலூர் துறைமுகத்திலிருந்து கூடை சுமந்து ஊர் ஊராக விற்ற கை அது. அந்தக் கையால் வசந்தா அக்காவின் கொண்டையைப் பிடித்துக் கட்டில் கம்பியில் இடித்தாய். என் கட்டைவிரலைக் கடித்தாய். டாக்டரின் கண்ணாடியைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதிக்கப் பார்த்தாய், கால் எட்டவில்லை. இதில் ஒரு ஒழுங்கு இருந்ததைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. கேட்காமல் தொட்டால் அடி. கேட்டுவிட்டுத் தொட்டால் திட்டு மட்டும்.

சிதம்பரம் ரோட்டில் இருக்கிற இந்தத் துரை பங்களா மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை ஏற்றுமதி செய்த வெள்ளைக்காரன் கட்டியது. அவன் ஆட்டம் பாட்டம் நடத்திய மாடி ஹால்தான் இப்போது பெண்கள் வார்டு. வடக்கே இருந்து காற்று அடித்தால் சிப்காட் ரசாயன ஆலைகளின் நாற்றம் அந்த உயரமான ஜன்னல்கள் வழியாக நேராக உள்ளே வரும். கூரையைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் சொன்னாய்: "இந்த கேட்டுல நின்னு மீனேய்னு கத்துவேன்டா. வாட்ச்மேன் நாயை அவுத்து உடுவான். இப்ப பாரு, மெத்தை போட்டுப் படுக்க வெச்சி, பீயும் அள்ளறீங்க." எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்ததற்கும் அடித்தாய்.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னாய். பக்கத்துக் கட்டில் கிழவியின் கையைக் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியால் கட்டியிருந்தோம், மூக்கில் போட்ட சோற்றுக் குழாயைப் பிடுங்காமல் இருக்க. அதை வெகுநேரம் பார்த்தாய். "ஊசி, கை ஆடற வரைக்கும்தான் நான் மனுஷி. என்னைக் கட்டுனீங்கன்னா, அன்னிக்கே சாவு மோளக்காரனுக்குச் சொல்லி உட்டுரு" என்றாய். அந்த நேரத்தில் நீ கொஞ்சம்கூடச் சிரிக்கவில்லை.

பிறகு இரண்டாவது பக்கவாதம் வந்தது. பேச்சு குழறிப் போனது. திட்டு மட்டும் தெளிவாக வந்தது! ஆனால் எதையும் விழுங்க முடியவில்லை. வாயில் ஊட்டினால் நுரையீரலுக்குப் போகும், ஆபத்து என்று டாக்டர் சொன்னார். உனக்கும் மூக்கில் குழாய் போட்டோம். போட்ட கை எடுப்பதற்குள் பிடுங்கினாய். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது, தலையணை நனைந்தது. திரும்பப் போட்டோம். திரும்பப் பிடுங்கினாய். உன் மண்டையை நான் பிடிக்க, வசந்தா அக்கா முட்டியை அமுக்க, நீ என் முகத்தில் துப்ப, அந்த வார்டே கசாப்புக் கடையாகத்தான் இருந்தது. மேனேஜர் கட்டச் சொல்லிவிட்டார். எனக்கு மனசு வரவில்லை என்றேன். வேறு ஆளை வைத்துக் கட்டினார்கள்.

அட, அது ஒரு வேடிக்கை. அவர்கள் போட்ட எந்த முடிச்சும் உன்னிடம் நிற்கவில்லை. மணிக்கட்டை வளைத்து விரலாலேயே அவிழ்த்தாய், இல்லாவிட்டால் பல்லால் அவிழ்த்தாய். கட்டியவன் முதுகைத் திருப்புவதற்குள் துணி கீழே கிடக்கும். ஒருமுறை அந்தத் துணியை வைத்து அவன் சட்டையையே கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டாய். அவன் நகர்ந்தபோது சட்டை டர்ரென்று கிழிந்தது. நீ குழாயைப் பிடுங்கி அவன் மேலேயே வீசினாய்.

அப்போதுதான் செல்வம் வந்தான். உன் அண்ணன் மகன், பிள்ளை இல்லாத நீ தூக்கி வளர்த்தவன். நீ எலும்பாகிக் கிடந்ததைப் பார்த்து விக்கி விக்கி அழுதான். மேனேஜர் அவனிடம், இப்படியே போனால் பட்டினியில் போய்விடுவார் என்றார். செல்வம் கீழே போய் வண்டியிலிருந்து ஒரு நைலான் கயிறு எடுத்து வந்தான். "சோறு எறங்கணும் அத்தே. இல்லன்னா செத்துப் போயிருவே. எனக்காவத் தாங்கிக்க அத்தே" என்று சொல்லிக்கொண்டே கட்டினான். "படகு கட்டற முடிச்சு. அத்தையே காட்டிக் குடுத்ததுதான், அத்தையாலயே அவுக்க முடியாது" என்று வசந்தா அக்காவிடம் பெருமையாக வேறு சொன்னான்.

நீ அந்த முடிச்சைப் பார்த்தாய். பிறகு அவனைப் பார்த்தாய். இழுக்கவில்லை, கடிக்கவில்லை, திட்டவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய்.

அன்றிலிருந்து குழாய் வழியாகச் சோறு ஒழுங்காக இறங்கியது. "பாட்டி நல்லா கோஆபரேட் பண்றாங்க" என்று மேனேஜர் எல்லாரிடமும் சொன்னார். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. நான் கேட்காமலே உன்னைத் தொட்டுப் பார்த்தேன், ஒரு திட்டுகூட வரவில்லை. கயிறு பட்ட இடத்தில் மணிக்கட்டுத் தோல் உரிந்து சிவந்திருந்தது. மருந்து போட்டால் சுருங்குவாய், அவ்வளவுதான். நீ அடித்த நாளெல்லாம் வீட்டுக்குப் போய்ச் சிரித்துக்கொண்டே சொல்லுவேன். அந்த நாட்களில் வீட்டில் வாயே திறக்கவில்லை.

ஒருநாள் காலையில் உன் காதருகே குனிந்து கேட்டேன். "அவுத்து உட்டா குழாயப் புடுங்கிருவே. புடுங்குனா மறுபடி போட உட மாட்டே. ரொம்ப நாள் தாங்காது. இது உனக்குப் புரியுதா?" நீ சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாய். வாய் கோணியது, எச்சில் வழிந்தது. ஆனால் சொல் சுத்தமாக வந்தது.

"அறுடா."

காஸ் துணி வெட்டும் கத்தரிக்கோலால் அறுத்தேன். நைலான் லேசில் அறவில்லை, கத்தரிக்கோல் மழுங்கி என் உள்ளங்கையும் கிழிந்தது. கயிறு விட்டதும் குழாயை நீயே உருவி எறிந்தாய். பிறகு என் கன்னத்தில் விட்டாய் பார், காது கொய்ங்கென்றது. என் தாயே, எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

மத்தியானம் செய்தி போய்ச் செல்வம் ஓடி வந்தான், நான் தேக்குப் படிக்கட்டில் பாதி ஏறும்போதே என்னைப் பிடித்துக்கொண்டான். "கொலகாரப் பாவி, எங்க அத்தையைக் கொல்றியாடா!" முதல் குத்தில் என் முன்பல் உடைந்தது. நானும் விட்டேன், அவன் மூக்கில். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு கீழ்ப்படி வரை உருண்டோம். துரை காலத்துக் கைப்பிடிக் கம்பு ஒன்று முறிந்து அவன் கையில் வந்துவிட்டது. அதை என் மண்டைக்கு ஓங்கினான். வசந்தா அக்கா ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டு நின்றார்.

அப்போது மாடியிலிருந்து உன் குரல் வந்தது. கயிறு போட்ட நாளிலிருந்து கேட்காத, பரம்பரையையே இழுத்து நாறடிக்கும் அந்தப் பழைய மீன் மார்க்கெட் திட்டு. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

செல்வத்தின் கை ஓங்கியபடியே நின்றது. "அத்தை திட்டுது" என்றான். கம்பைக் கீழே போட்டுவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதான். மூக்கு ரத்தமும் கண்ணீரும் சட்டையில் வடிந்தன. பிறகு எழுந்து மாடிக்கு வந்தான், உன் காலைப் பிடித்துக்கொண்டான். அவனையும் நன்றாக மொத்தினாய்.

அதற்கப்புறம் நீ இருந்த கொஞ்ச நாளும் கஞ்சியைத் துளித்துளியாக அவனே வாயில் விட்டான். புரை ஏறியது, இருமினாய், காய்ச்சல் வந்தது. ஒரு மத்தியானம் அவன் சட்டைக் காலரைப் பிடித்த பிடியிலேயே போய்விட்டாய். அவன் மன்னிக்கவில்லை என்னை. உன் பாடையைத் தொடப் போனபோது, "நீ தள்ளி நில்லு" என்றான். தள்ளித்தான் நின்றேன். நான் செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்வேன். அழாமல் சொல்ல மட்டும் முடியாது.

போன வாரம் செல்வம் இல்லத்துக்கு வந்தான். ஆபீஸ் பக்கமே போகவில்லை, நேராக என்னிடம் வந்தான். இளைத்திருந்தான்.

"எங்கம்மாவுக்கும் பக்கவாதம் வந்திருச்சி. கடலுக்குப் போனா பாத்துக்க ஆளில்ல. இங்க கொணாந்து உடலாம்னு இருக்கேன். நீ இன்னும் இங்கதான் இருக்கியா?" என்றான்.

"இருக்கேன்" என்றேன்.

"அதுவும் கை நீட்டும். அத்தைய உட ஜாஸ்தி."

"நீட்டட்டும்."

"கட்ட மாட்டியே?"

"மாட்டேன்."

"அடிச்சா?"

"வாங்கிப்பேன் செல்வம். உங்க அத்தைகிட்ட வாங்கிப் பழகுன ஒடம்பு."