மேலுதட்டுக்கு இரண்டு நாள் அடுப்பு ஆகாது

நேற்றிலிருந்து பேசாமல் படுத்திருக்கும் மகாராணிக்கு,

முடி எடுக்க லேசர் பட்ட மேலுதடு ஆறும்வரை அடுப்புப் பக்கம் போகாதே. சமையல் என் பொறுப்பு, ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாலும் சரி. கற்றாழை ஜெல் ஃப்ரிட்ஜில், முட்டைக்குப் பக்கத்தில். தேய்க்காமல் ஒற்று. சொறியாதே. வெந்நீர் வேண்டாம். வெயிலுக்குப் பூசுகிற க்ரீம் வாங்க மருந்துக்கடைக்குப் போகிறேன்.

உன் தங்கை முன்னால், "இனிமே இந்த வீட்ல மீசை எனக்கு மட்டும்தான்"னு சொன்னது தப்பு. நீ எழுந்து போன பிறகும் அதையே நாலு தரம் சொன்னது மகா தப்பு.

பி.கு: முப்பது வருஷ மீசையைக் காலையில் மழித்துவிட்டேன். காடே பற்றிக்கொண்ட மாதிரி எரிகிறது. உன் ஜெல்லில் கொஞ்சம் திருடினேன்.

இன்னொன்று: அடையாளம் தெரியாத கிழவன் ஒருவன் மணியடித்தால், உள்ளே விட்டுத் திட்டு.