நான் நகர்த்திய மீன்கூடை

மாமா வீடு, சாரம்
11.7.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன்.

பயப்படாதீர்கள், எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. நேற்று மாமா என்னை ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கூட்டிப்போகும்போது, மீன் விற்கும் அஞ்சலாட்சியக்கா மேல் மோதிவிட்டார். அக்காவுக்குக் கால் முறிந்துவிட்டது. ரோட்டின் வெள்ளைக்கோடுகள் மேல்தான் அவர் கடந்தார், நான் பார்த்தேன். அவரை ஆட்டோவில் ஏற்றியதும், மீனெல்லாம் நசுங்குமே என்று நான்தான் பொறுக்கிக் கூடையில் போட்டு, பத்தடி தள்ளி ஓரமாக வைத்தேன்.

பிறகு வந்த போலீஸ்காரர் அந்தக் கூடையைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டார். "கோட்ட வுட்டுட்டு இங்க தாண்டியிருக்கு. தப்பு அந்தம்மா மேலதான்" என்றார்.

மாமா என் காதருகே, "நல்ல வேல செஞ்ச பாப்பா. வாயத் தொறக்காத" என்றார்.

தப்பு அக்கா மேல் என்றால் வைத்தியத்துக்கு அவருக்கு ஒன்றும் கிடைக்காதாம். சனிக்கிழமை ஸ்டேஷனில் என்னையும் விசாரிப்பார்கள். கூடையை நகர்த்தியது நான்தான் என்று சொல்லப்போகிறேன்.

வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள் அப்பா. வரும்போது பெரிய பையை எடுத்துவாருங்கள். என் துணியெல்லாம் பள்ளிப்பையில் அடங்காது.

மாமா இருமுகிறார். விளக்கை அணைக்கிறேன்.

அபி