நான் மாற்றி வைத்த சுவர்

காலையிலிருந்து உன் இடது காதை ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் வீட்டில் கேட்ட நினைவு வீடியோ. நாம் எத்தனை பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறோம்! இறந்துபோனவரைக் கல்யாண வீட்டுக் கூட்டத்திலிருந்து தனியே வெட்டி எடுத்து, மேகத்துக்கு நடுவே நிறுத்தி, தலைக்கு மேல் இரண்டு புறாவைப் பறக்கவிடுவோம். அதே வேலையை உனக்குச் செய்ய உட்கார்ந்திருக்கிறேன். நம் ஸ்டூடியோவில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நீ யாருடனோ பேசுகிற வீடியோ. பின்னால் பச்சைத் துணி கட்டி எடுத்ததல்ல. இப்போதுள்ள மென்பொருளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் ஆளை வைத்துக்கொண்டு அறையைத் துடைத்துவிடுகிறது. ஆனால் நீ வலது காதைத் திருப்பித் திருப்பிக் கேட்பாயே, அப்படித் திரும்பும்போதெல்லாம் உன் இடது காதையும் சுவரோடு சேர்த்து அழித்துவிடுகிறது. ஒவ்வொரு பிரேமாகப் போய்க் கையால் மீட்கிறேன். சாயங்காலம் உன் வீட்டுக்காரி பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

நாலு வருசம் ஆகிறது. மதியச் சாப்பாட்டுக்கு ஷட்டரை இறக்கப் போன நேரத்தில், உனக்குப் பழக்கமான அந்த வக்கீலம்மா வந்தார். உட்காரக்கூட இல்லை. கைபேசியை உன் முன்னால் நீட்டினார். பதினெட்டு பத்தொன்பது வயதில் ஒரு பிள்ளை, கழுத்தில் புது மஞ்சள் கயிறு. "என்னை யாரும் கடத்தல. நானாத்தான் வந்தேன், நானாத்தான் கல்யாணம் முடிச்சேன்." நாற்பது விநாடி, அவ்வளவுதான்.

"பையனோட அப்பாம்மாவ ஸ்டேசன்ல உக்கார வச்சிருக்காவ தம்பி. இத அனுப்புனாத்தான் அவியள விடுவாவ. ஆனா இப்படியே அனுப்ப முடியாது. பின்னால பாருங்க."

பார்த்தோம். அந்தப் பிள்ளைக்குப் பின்னால் கயிறு கயிறாகக் குழந்தைக் கவுன்கள் தொங்கின. நம் பக்கத்து ஆள் யார் பார்த்தாலும், குழந்தை உடுப்புத் தைக்கிற புதியம்புத்தூர் என்று சொல்லிவிடுவான். அவளைத் தேடி அவள் வீட்டிலிருந்து இரண்டு வண்டி நிறைய ஆள் கிளம்பியிருந்தது. வேறு வீடியோ எடுக்கச் சொல்லவும் வழியில்லை. அனுப்பியதும் கைபேசியை அணைத்துவிடும்படி வக்கீலம்மாவே சொல்லியிருந்தார்.

நமக்குள் ஒரு முறை இருந்தது. வெட்டுவது உன் வேலை, ஒட்டுவது என் வேலை. அவளுடைய காற்றில் பறந்த முடியை ஒவ்வொன்றாக நீ பிரித்து எடுத்தாய். கையைத் தூக்கித் தாவணியைச் சரிசெய்தபோது கைக்கும் கழுத்துக்கும் இடையிலுள்ள சந்தில் ஒரு சிவப்புக் கவுன் தெரிந்தது. அதையும் விடாமல் துடைத்தாய். முதலில் வெறும் வெள்ளையைப் பின்னால் வைத்துப் பார்த்தோம். காகிதத்தில் கத்தரித்து ஒட்டியதுபோல இருந்தது. அதைப் பார்த்தால், பிள்ளையை மிரட்டி எடுத்த போலி வீடியோ என்பார்கள். "நெசமான செவரு வேணும்ல. இடது பக்கம் வெளிச்சம் விழணும்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாய்.

நான் பழைய கோப்புகளில் தேடினேன். கடம்பூரில் நாம் எடுத்த ஒரு நிச்சயதார்த்தம் கிடைத்தது. நீலம் கலந்து வெள்ளையடித்த சுவர், இடது ஓரம் சன்னல், அதிலிருந்து வெளிச்சம். அளவெடுத்துத் தைத்ததுபோல அவளுக்குப் பின்னால் பொருந்திக்கொண்டது. எனக்கே பெருமையாக இருந்தது. நீ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "அம்சமா இருக்குல" என்றாய். வக்கீலம்மா அனுப்பிவிட்டுக் கிளம்பினார்.

ஒரு மணி நேரம் கழித்து, ஸ்டேசனிலிருந்து கசிந்து, ஊரிலுள்ள எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. நீ மறுபடி ஒரு தடவை பார்த்தாய். உன் முகம் செத்துப்போனது.

"ஏலே, சன்னல்ல மயிலு இருக்கு பாரு. கொண்டையக் காணோம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நிச்சயதார்த்தம் போளி போட்டு விற்கிற ஓர் அம்மா வீட்டில் நடந்தது. அந்தச் சன்னல் கம்பியில் மயில் வளைத்திருந்த வெல்டிங்காரர் கொண்டை வைக்க மறந்துவிட்டார். நிச்சயத்தன்று வந்த விருந்தாளிகள் அத்தனை பேரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நீயும்தான். ஒரு பிள்ளையை மறைக்க இன்னொரு வீட்டைக் காட்டிக்கொடுத்திருந்தேன். அந்த வீட்டு மகள் அப்போது தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள் என்பதும் நமக்குத் தெரியும்.

அந்த வீட்டுக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. உன் பைக்கில் போனோம். இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது; நீ வண்டியை முறுக்கிக்கொண்டே போனாய். ஏசியிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நமக்கு முன்னால் அந்த இரண்டு வண்டிகளும் அங்கே நின்றன. வீடியோவில் இருந்த பிள்ளையின் தாய்மாமன் ஒரு கையால் மயிலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைபேசியைப் போளிக்கார அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் கையில் மாவு காயவில்லை. வயிறும் பிள்ளையுமாக மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நீ நேரே நடுவில் போய் நின்றாய்.

"அண்ணாச்சி, செவரு இந்த வீட்டுச் செவருதான். பிள்ளை இங்கன இல்ல. கம்ப்யூட்டர்ல மாத்துனது. வெட்டுனதும் நாந்தான், ஒட்டுனதும் நாந்தான்."

ஒட்டினது நான். உன் பின்னால் இரண்டடி தள்ளி நின்றேன்.

"யாருகிட்ட கத விடுத?" என்றார் மாமன்.

நீ கைபேசியை எடுத்து அவரையே பத்து விநாடி படம் எடுத்தாய். பெருவிரலால் இரண்டு மூன்று தட்டுத் தட்டி அவரிடம் காட்டினாய். மடித்துக் கட்டிய வேட்டியோடு, கோபத்தில் விரலை ஆட்டிக்கொண்டு, அவர் பனி மலை உச்சியில் நின்றார். கூட வந்தவர்களில் ஒருத்தன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புத்தான் வினையாகப் போனது.

"அப்ப நெசமான எடம் எது? ஒனக்குத் தெரியும்."

"ஞாவகம் இல்ல அண்ணாச்சி. நாளு முழுக்க இதே வேலதான், எத வச்சிக்கிட?"

கைபேசியைப் பிடுங்கித் தேடினார்கள். உன்னுடையதில் ஒன்றும் இல்லை. கவுன்கள் தொங்குகிற அந்த நாற்பது விநாடி என் சட்டைப் பையில் இருந்தது. என்னைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. "கடைசியாக் கேக்குதேன்" என்றார் மாமன். நீ இல்லையென்று தலையை ஆட்டினாய். அறை உன் இடது காதில் விழுந்தது. விழுந்து எழுந்து, மறுபடியும் "ஞாவகம் இல்ல அண்ணாச்சி" என்றாய். அடுத்த அடிக்கு அவர் கையை ஓங்கும்போது அவருக்குப் போன் வந்தது. பிள்ளையை வக்கீலம்மாவே அழைத்துவந்து ஸ்டேசனில் நிறுத்திவிட்டாராம்; இனி அங்கே தேட ஒன்றும் இல்லை. வண்டிகள் திரும்பிக் கிளம்பின.

அந்தப் பிள்ளை இப்போது வெளியூரில் நன்றாக இருக்கிறாள். போளிக்கார அம்மாவுக்குப் பேரன் பிறந்தான். உன் காது மட்டும் திரும்ப வரவில்லை.

அன்றைக்கு வீட்டிலும் நீ அதையே சொன்னாய்: நாந்தான் கவனிக்காம ஒட்டிட்டேன். அதற்கப்புறம் உன் வீட்டுக்காரி உன்னை ஏசாத நாள் உண்டா? குக்கர் விசில் கேட்காதபோது, பேத்தி கூப்பிட்டுத் திரும்பாதபோது, "கண்ண எங்கன வச்சிக்கிட்டு வேல பாத்தியளோ" என்பாள். நீ என்னைப் பார்த்துச் சிரிப்பாய். ஒரு நாள் தனியே இருக்கும்போது, நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். "ஒனக்கு எதுக்குலே ரெண்டு ஏச்சு? எனக்குத்தான் ஒரு காது கேக்காதுல்லா" என்றாய். அதைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு வசதியாகப் பிடித்துக்கொண்டேன்! மூன்று மாதத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாயும்வரை வாயைத் திறக்கவில்லை.

வெளியே அவள் குரல் கேட்கிறது. பிறகு எழுதுகிறேன்.

வந்துவிட்டுப் போய்விட்டாள்.

திரையில் உன்னைப் பார்த்ததும் முதலில் சிரித்தாள். நீ தலையைத் திருப்பினாய். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாருங்கண்ணே, செவர மாத்தப் போயிக் காதத் தொலச்சிட்டு வந்த மனுசன்" என்றாள்.

சொல்லிவிட்டேன். "தங்கச்சி, அந்தச் செவர வச்சது அவன் இல்ல. நாந்தான்."

என்னை அடிப்பாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. உன்னைத்தான் பார்த்தாள்.

"அப்ப நாலு வருசமா நான் யாரண்ணே ஏசிக்கிட்டு இருந்தேன்?"

அவ்வளவுதான் கேட்டாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

சொன்னால் என் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கத்தான் செய்தது, அவள் தலையில். இனி அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழி இருக்கிறது, வீடு பக்கத்துத் தெருதான். அவள் உன்னிடம் கேட்க வழியில்லை. அதையும் நான்தான் செய்தேன்.